எஞ்சின் தகட்டில் கைவைக்கும் முன்

மறுபடியும் அதே மாதிரி ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது. பழைய நீராவி எஞ்சினின் கொதிகலன் தகட்டைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த வெளுத்த பஞ்சை வெறுங்கையால் பிய்த்தெடுக்கிறார்கள் நம் பிள்ளைகள். மூக்கை மறைக்க ஒரு கைக்குட்டை. உடனே போன் போட்டேன். "அம்பது வருஷமா வெயில்லயும் மழையிலயும் கிடந்தது டாக்டர், விஷமெல்லாம் எப்பவோ போயிருக்கும்" என்கிறார் அவர்களில் ஒரு தம்பி.

போகாது. இந்த ஒரு நம்பிக்கையோடு மல்லுக்கட்டியே எனக்கு அலுத்துவிட்டது. அந்தப் பஞ்சு கல்நாராக, அதாவது ஆஸ்பெஸ்டாஸாக, இருக்கலாம். கல்நார் என்பது ஆவியாகிப் போகும் மருந்தில்லை. பாறையிலிருந்து எடுத்த நார் அது. நெருப்பில் எரியாது, தண்ணீரில் கரையாது, மக்காது. அதனால்தான் கொதிகலனைச் சுற்றிக் கட்டினார்கள். நுரையீரலுக்குள் போனாலும் அப்படியேதான் கிடக்கும். வெயிலும் மழையும் நாரை ஒன்றும் செய்யவில்லை, அதைப் பிடித்துவைத்திருந்த பூச்சைத்தான் உதிர்த்திருக்கின்றன. புதிதில் கட்டியாக இருந்தது இப்போது தொட்டாலே தூளாகிறது. ஆகவே பழசாகப் பழசாக ஆபத்து கூடியிருக்கிறது.

அடுத்த சமாதானம்: "குறுகிய பாதை எஞ்சின்தானே, சின்னது." பாதைதான் ஐயா குறுகல், எஞ்சின் சின்னதில்லை. தண்டவாள இடைவெளி இங்கிலாந்தில் 1435 மில்லிமீட்டர், இங்கே மலேசியாவில் 1000. கிளாஸ்கோவின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் 1938 முதல் மலாயா ரயில்வேக்குக் கட்டி அனுப்பிய 56 ரக எஞ்சினைப் பாருங்கள். முன்னால் நான்கு, நடுவில் ஆறு, பின்னால் இரண்டு என்று சக்கரங்கள், மூன்று சிலிண்டர். தெமெர்லோ போன்ற ஊர்ப்பெயர் தாங்கி, விரைவு வண்டிகளை இழுத்தவை. பிறகு கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றினார்கள். 1957 முதல் டீசல் வந்து அவற்றை மெல்ல ஒதுக்கியது.

இந்த வரலாற்றில் எனக்கு வேண்டிய பகுதி, எஞ்சின்களைப் பழுதுபார்த்த கோலாலம்பூர் செந்தூல் ரயில் பட்டறை. கொதிகலனைப் பெரிய பழுதுக்குத் திறந்தால் அதைச் சுற்றிய பஞ்சுப் போர்வையையும் பிரிக்க வேண்டும், பிறகு புதிதாகப் போர்த்த வேண்டும். எந்த முறை எதைப் போர்த்தினார்கள் என்று தகட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆய்வுக்கூடம் "இது கல்நார் இல்லை" என்று எழுதித் தரும்வரை, அது கல்நார்தான்.

நோய் வெளியே தெரிய இருபது முதல் ஐம்பது வருஷம்கூட ஆகும். அதனால் "எனக்கு இருமலே இல்லையே" என்று என்னிடம் வராதீர்கள். பட்டறைப் பக்கமே போகாத பெண்களுக்கும் மீசோதீலியோமா, அதாவது கல்நாரால் நுரையீரல் உறையில் வரும் புற்றுநோய், வந்ததாக மருத்துவ ஏடுகளில் உண்டு. கணவரின் வேலைச் சட்டையை உதறித் துவைத்தவர்கள் அவர்கள். நெஞ்சு நோயாளி எவரானாலும் வீட்டில் யார் என்ன வேலை பார்த்தார்கள் என்று கேட்காமல் நான் விடுவதில்லை.

தகட்டைத் திறக்காதீர்கள். திறந்திருந்தால் மூடி, ஆளை விலக்குங்கள். பெருக்காதீர்கள், காற்றடிக்காதீர்கள். வீட்டு வேக்குவம் வேண்டவே வேண்டாம், தூசியை உறிஞ்சிப் பின்வழியே ஊதிவிடும். மாதிரி எடுப்பதும் அகற்றுவதும் பயிற்சி பெற்றவர்கள் வேலை. சாதா முகக்கவசம் இதற்கு உதவாது. நுண்தூசியை வடிகட்டும் பி100 கவசமும் தாடிமேல் ஒட்டி நிற்காது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே கைவைத்துவிட்டீர்களா? அந்த உடுப்பை உதறாமல் நனைத்து, பையில் கட்டி, தனியே வையுங்கள். குளியுங்கள். தேதியையும் செய்த வேலையையும் எழுதிவைத்து உங்கள் மருத்துவரிடம் கொடுங்கள். இன்றைய எக்ஸ்ரே சுத்தமாக இருப்பதால் ஒன்றும் நிரூபணம் ஆகாது. சிகரெட் பிடிப்பவரானால் தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள் தம்பி, கல்நாரும் புகையும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் அபாயம் பல மடங்கு.