“ஓனர்ஸ் ரிஸ்க்” போர்டை நம்பி டீடெய்லிங் கடை திறக்காதீர்கள்

கார் டீடெய்லிங் ஸ்டூடியோ, அதாவது காரைக் கழுவி, பாலிஷ் போட்டு, பெயின்ட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுக்கும் கடை, தொடங்குகிறவர்கள் வக்கீலிடம் வருவது பெரும்பாலும் கடை வாடகை ஒப்பந்தத்துக்காகத்தான். பாலிஷிங் மெஷின், லைட், ஃபோம் கன் என்று லட்சக்கணக்கில் போட்டிருப்பார்கள். “கஸ்டமரிடம் என்ன எழுதி வாங்குகிறீர்கள்?” என்று கேட்டால் பில் புக்கை நீட்டுவார்கள். அடியில் பொடி எழுத்தில், “வாகனங்கள் உரிமையாளரின் சொந்தப் பொறுப்பில்” என்று ஒரு வரி இருக்கும். சுவரில் அதே வாசகம் பெரிதாக.

அந்த வரிக்குப் பெரிய பலம் கிடையாது. சாவியை வாங்கிய நிமிடத்திலிருந்து அந்த வண்டி உங்கள் பாதுகாப்பில் இருக்கிறது. சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்த வண்டியை எவ்வளவு கவனமாகப் பார்த்துக்கொள்வாரோ, அவ்வளவு கவனம் வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 151-வது பிரிவு. டெல்லி தாஜ்மகால் ஹோட்டல் வழக்கு இதற்கு நல்ல உதாரணம். 1998-இல் அங்கே வந்த ஒருவர் தன் மாருதி ஜென் காரின் சாவியை, காரை வாங்கி நிறுத்தித் தரும் வாலே பார்க்கிங் ஊழியரிடம் கொடுத்தார், கார் திருடுபோனது. டோக்கனில் ஓனர்ஸ் ரிஸ்க் என்று அச்சடித்திருக்கிறோமே என்றது ஹோட்டல். 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. தான் கவனமாக இருந்ததை முதலில் ஹோட்டல்தான் காட்ட வேண்டும் என்றது. ஹோட்டலுக்கே அப்படி என்றால் நம் ஷெட்டுக்கு என்ன சலுகை கிடைக்கும்?

இந்தத் தொழிலில் திருட்டு அபூர்வம். தகராறு கீறலில்தான் வரும். “நான் விடும்போது இது இல்லையே” என்று கஸ்டமர் சொல்வார். பல நேரம் அவர் பொய் சொல்வதில்லை. புழுதி படிந்த கறுப்பு வண்டியில் எந்தக் கீறலும் தெரியாது; கழுவித் துடைத்து உங்கள் எல்.இ.டி. லைட்டுக்குக் கீழே நிறுத்தினால் வலைப்பின்னல் மாதிரி எல்லாம் தெரியும். அதனால் வண்டியை வாங்கும்போது எடுக்கும் போட்டோ மட்டும் போதாது. கழுவிய பிறகு, மெஷின் தொடுவதற்கு முன், இன்னொரு முறை எடுங்கள். அதை வாட்ஸ்அப்பில் அனுப்பி “ஓகே” வாங்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து விட்டிருந்தால் இது இன்னும் அவசியம். ஜாப் கார்டில் (வேலை விவரம் எழுதும் சீட்டில்) டிரைவர் போட்ட கையெழுத்தை ஓனர் நாளைக்கு மறுத்துவிடலாம்.

பெயின்ட்டின் தடிமனை அளக்கும் பெயின்ட் கேஜ் ரீடிங்கையும் ஜாப் கார்டில் பேனல் வாரியாக எழுதுங்கள். கம்பெனி பெயின்ட் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான் வரை இருக்கும். 200-ஐத் தாண்டினால் மறு பெயின்ட் என்று சந்தேகப்படலாம். பட்டி போட்டிருந்தால் பல நூறு காட்டும். செகண்ட்ஹேண்டில் வாங்கியவருக்குத் தன் வண்டியின் கதவு ஒருமுறை டிங்கரிங் பார்த்தது என்பதே தெரியாமல் இருக்கலாம். அந்தக் கதவிலிருந்து பழைய பி.பி.எஃப். ஃபிலிமை (பெயின்ட்டைக் காக்க ஒட்டும் பிளாஸ்டிக் உறையை) உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்தால், “நீங்கள்தான் கெடுத்தீர்கள்” என்பார். ஓனருக்குத் தெரிந்த கோளாறு என்றால் அதை அவர் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று அதே ஒப்பந்தச் சட்டத்தில் 150-வது பிரிவு இருக்கிறது. நீங்கள் கேட்டதற்கும் அவர் சொன்னதற்கும் ஜாப் கார்டில் ஒரு வரியாவது இல்லாவிட்டால் அந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது.

“எந்தச் சேதத்துக்கும் பொறுப்பல்ல” என்று மொத்தமாக எழுதி வாங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. “இடது பின்கதவு ரீபெயின்ட். ஃபிலிம் உரித்தால் பெயின்ட் வரக்கூடும். சம்மதம்.” இப்படித் தமிழில், கஸ்டமர் படித்துப் புரிந்து, தேதியோடு போட்ட கையெழுத்துக்கு மதிப்பு அதிகம். ஆழமான கீறல் முழுசாகப் போகாது, மேலும் தேய்த்தால் பெயின்ட்டின் மேலிருக்கும் நிறமில்லாத கிளியர் கோட் பூச்சு போய்விடும் என்பதையும் அப்படியே எழுதுங்கள். ஆனால் உங்கள் கடைப் பையன் ஓரத்தில் மெஷினை அழுத்திப் பெயின்ட்டை எரித்துவிட்டால் எந்தக் கையெழுத்தும் காப்பாற்றாது. அது உங்கள் செலவுதான்.

பெயின்ட்டின் மேல் பூசும் செராமிக் கோட்டிங்குக்கு “5 வருட வாரண்டி” என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறீர்கள். அது கோட்டிங் கம்பெனி தரும் வாரண்டியா, நீங்கள் தருவதா? போர்வெல் தண்ணீர்க் கறைக்கும் கல் தெறித்த புள்ளிக்கும் உண்டா? இடையில் மெயின்டெனன்ஸ் வாஷுக்கு வராவிட்டால் என்ன ஆகும்? பணம் வாங்குவதற்கு முன்பே இதெல்லாம் காகிதத்தில் இருக்க வேண்டும். பில்லோடு சேர்த்து நீட்டும் நிபந்தனை தாமதமான நிபந்தனை.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கஸ்டமர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையத்தில் கட்டணமும் இல்லை. அவகாசம் 2 வருடம். ஆகவே போட்டோக்களைப் பையனின் போனில் விட்டுவைக்காதீர்கள். அவன் வேலையை விட்டால் போனும் சேர்ந்து போய்விடும்.

இன்ஷூரன்ஸையும் பாருங்கள். கடைக்கு எடுக்கும் சாதாரண தீ விபத்து பாலிசி உங்கள் பொருட்களுக்கானது. அதில் தனியாகக் குறிப்பிடாவிட்டால் உள்ளே நிற்கும் கஸ்டமர் வண்டிகளுக்குப் பொருந்தாமல் போகலாம். வண்டிகளைக் கையாளும் தொழில்களுக்கென்றே மோட்டார் டிரேட் பாலிசி இருக்கிறது, ஏஜென்ட்டிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள். லைசென்ஸ் இல்லாத பையனிடம் “வண்டியைக் கொஞ்சம் ரிவர்ஸ் எடு” என்று சாவியைத் தூக்கிப் போடும் பழக்கம் மட்டும் வேண்டாம்.

கூலி தராமல் வண்டியைக் கேட்டால் பிடித்து வைக்கலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். வைக்கலாம், ஒப்பந்தச் சட்டத்தின் 170-வது பிரிவு அந்த உரிமையைத் தருகிறது. ஆனால் பேசிய நேரத்துக்குள் வேலையைச் சரியாக முடித்திருக்க வேண்டும். அதுவும் இந்த வேலைக்கான கூலிக்கு மட்டும்தான். போன வருடப் பாக்கிக்காக இன்றைய வண்டியை நிறுத்த முடியாது. எடுக்க வராமல் வாரக்கணக்கில் இழுத்தடிப்பவரிடம் பார்க்கிங் வாடகை கேட்பதற்கும் ஒரு நாளுக்கு எவ்வளவு என்று முதலிலேயே ஜாப் கார்டில் இருக்க வேண்டும்.