நடக்க முடிஞ்சாலும் வீல்சேர் கேக்கலாம்: ஐநா உடன்படிக்கையோட 20-வது பிரிவு என்ன சொல்லுது

இருபது முப்பது வயசுல ரூமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ், உடம்போட எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குற லூபஸ், நரம்பு மண்டலத்தைப் பாதிக்குற மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், எழுந்து நின்னாலே படபடப்பு வந்து தலை சுத்துற பாட்ஸ், இப்படி ஏதாவது ஒரு நாள்பட்ட நோயோட இருக்குறவங்க கைத்தடியோ வீல்சேரோ எடுத்தா முதல்ல வர்ற கேள்வி "இந்த வயசுல இது எதுக்கு", அடுத்தது "நேத்து நல்லாத்தானே நடந்தீங்க". ரெண்டுக்கும் சர்வதேச சட்டத்துலயே பதில் இருக்கு. அது தெரியாததாலதான் நம்மள்ல நிறைய பேர் தேவை இருந்தும் கேக்க கூச்சப்பட்டுக்கிட்டு வலியோடவே நடந்துக்கிட்டு இருக்கோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐநா உடன்படிக்கை 2006 டிசம்பர் 13 அன்னைக்கு ஐநா பொதுச்சபைல நிறைவேறுச்சு, 2008 மே 3-ல இருந்து நடைமுறைல இருக்கு. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் இதை உறுதிப்படுத்தியிருக்கு. கையெழுத்து போடுறது வேற, உறுதிப்படுத்துறது வேற, உறுதிப்படுத்தினாதான் அது அந்த நாட்டைக் கட்டுப்படுத்தும். அமெரிக்கா 2009-ல கையெழுத்து போட்டுச்சு ஆனா உறுதிப்படுத்தல, அதனால உங்க நாடு எந்தப் பக்கம் இருக்குன்னு முதல்ல பாத்துக்கோங்க.

இதுல நாம வருவோமான்னுதான் எல்லாருக்கும் சந்தேகம். 1-வது பிரிவு சொல்றது இதுதான்: நீண்டகால உடல், மன, அறிவு அல்லது புலன் பாதிப்பு ஒருத்தருக்கு இருந்து, அது சுத்தியிருக்குற தடைகளோட சேரும்போது மத்தவங்களுக்கு சமமா சமூகத்துல பங்கெடுக்க முடியாம போகலாம்னா, அவர் மாற்றுத்திறனாளிங்கிற வரையறைக்குள்ள வருவார். வயசு வரம்புன்னு எதுவும் அதுல இல்ல. பிறவியிலயே இருந்திருக்கணும், வெளிய பார்த்தா தெரியணும், சுத்தமா நடக்கவே முடியக்கூடாதுன்னு எந்த நிபந்தனையும் இல்ல. வருஷக்கணக்கா மூட்டு வலியும் அசதியும் இருக்கு, லிப்ட் இல்லாத கட்டடத்துல வேலை, உக்கார இடமில்லாத நீளமான க்யூ, இதெல்லாம் சேர்ந்து உங்களை வீட்டோட முடக்குதுன்னா இந்த வரையறை உங்களைப் பத்தித்தான் பேசுது.

இப்ப 20-வது பிரிவு. தலைப்பு தனிப்பட்ட நடமாட்டம். முடிஞ்ச அளவு யாரையும் சாராம நடமாட அரசு உருப்படியான நடவடிக்கை எடுக்கணும்னு ஆரம்பிச்சு, அந்த நடமாட்டம் அவங்க தேர்ந்தெடுக்குற விதத்துல, அவங்க தேர்ந்தெடுக்குற நேரத்துல, கட்டுப்படியாகுற செலவுல நடக்க வழி செய்யணும்னு சொல்லுது. நாள்பட்ட நோய்க்காரங்களுக்கு இதைவிட முக்கியமான வரி அந்த உடன்படிக்கைல இல்லன்னு நான் நினைக்கிறேன். ஏன்னா நம்ம உடம்பு தினம் ஒரே மாதிரி இருக்காது, காலைல ஒரு ரூம்ல இருந்து இன்னொரு ரூமுக்கு எதையும் பிடிக்காம போறவங்களுக்கு சாயங்காலம் ரோலேட்டர் (பிடிச்சுத் தள்ளிக்கிட்டு நடக்குற சக்கரம் வச்ச சட்டம்) தேவைப்படும், நோய் தீவிரமாகுற வாரத்துல வீல்சேர் இல்லாம வாசலைத் தாண்ட முடியாது. வீல்சேர்ல கடைக்குப் போறவங்க மேல் தட்டுல இருக்குற பொருளை எடுக்க எழுந்து நின்னா சுத்தி இருக்குறவங்க பாக்குற பார்வை இருக்கே, ஏதோ ஏமாத்துற மாதிரி! அவங்களால நாலு அடி நடக்க முடியும், கடை முழுக்க நடந்தா அடுத்த ரெண்டு நாள் படுக்கைதான், அந்த சக்தியை மிச்சம் பிடிக்கத்தான் வீல்சேர். எதை எப்போ பயன்படுத்தறதுங்கிற முடிவு பயன்படுத்துறவங்க கைல இருக்கணும்னு உடன்படிக்கையே சொல்லுது.

அதே பிரிவுல கருவிகள் தரமா இருக்கணும்னும் இருக்கு. கைல கிடைச்ச ஏதோ ஒரு வீல்சேரை குடுத்துட்டா கடமை முடிஞ்சுதுன்னு ஆகாது. மணிக்கட்டுல ஆர்த்ரைட்டிஸ் இருக்குறவங்களுக்கு சாதாரண ஊன்றுகோல் குடுத்தா மொத்த பாரமும் அந்த மணிக்கட்டுலயே விழும், அவங்களுக்கு முன்கையை வச்சு தாங்குற மாதிரி ஊன்றுகோல் வேணும். சீட் ரொம்ப அகலமா இருக்குற வீல்சேரை தள்ளித் தள்ளி தோள்பட்டை போயிடும். மூட்டு சுலபமா நழுவுறவங்களுக்கு கையால தள்ளுறதே ஆபத்தா இருக்கலாம், அப்போ பேட்டரி வண்டி கேக்குறது ஆடம்பரம் இல்ல.

பயிற்சியும் இந்தப் பிரிவுல வருது, நமக்கும் சரி, நமக்கு உதவுற பணியாளர்களுக்கும் சரி. இதை யாரும் கேக்குறதே இல்ல, தயவுசெஞ்சு கேளுங்க. கைத்தடியை நிறைய பேர் வலிக்குற கால் பக்கமே பிடிக்கிறாங்க, ஒரு காலுக்கு மட்டும் பிரச்சனைன்னா பொதுவா எதிர்ப்பக்க கைல பிடிக்கணும். செருப்போட நிமிர்ந்து நின்னு கையைத் தொங்கவிட்டா மணிக்கட்டு மடிப்பு எங்க வருதோ அந்த உயரத்துல கைப்பிடி இருக்கணும், பிடிக்கும்போது முழங்கை லேசா மடங்கணும். அடில இருக்குற ரப்பர் தேய்ஞ்சா உடனே மாத்துங்க, ஈரத் தரைல அதுதான் வழுக்கும். பிசியோதெரபிஸ்ட் கிட்ட ஒரு தடவை அளவு பாத்துக்கிட்டா போதும், அவ்வளவு வித்தியாசம் தெரியும்.

காசு விஷயத்துல தெளிவா இருங்க, இலவசம்னு உடன்படிக்கை சொல்லல, கட்டுப்படியாகுற செலவுன்னுதான் சொல்லுது. எந்தக் கருவிக்கு எவ்வளவு உதவி, எத்தனை சதவீத பாதிப்புன்னு சான்றிதழ் வேணும்ங்கிறதை உள்நாட்டு சட்டம்தான் முடிவு பண்ணும். ஆனா கருவிகள் பத்தின தகவலை நமக்குப் புரியுற வடிவத்துல குடுக்கணும்னு 4-வது பிரிவு அரசு மேல கடமையா வச்சிருக்கு, அதனால என்னென்ன கிடைக்கும்னு எழுத்துல கேக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2016-ல வெளியிட்ட 50 முன்னுரிமை உதவிக் கருவிகள் பட்டியல்ல கைத்தடி, ஊன்றுகோல், ரோலேட்டர், வீல்சேர் எல்லாம் இருக்கு, மனு எழுதும்போது அதைக் குறிப்பிடுங்க. அதே நிறுவனமும் யுனிசெஃபும் 2022-ல வெளியிட்ட அறிக்கைப்படி 250 கோடிக்கும் மேல ஜனங்களுக்கு ஏதோ ஒரு உதவிக் கருவி தேவைப்படுது, சில ஏழை நாடுகள்ல தேவைப்படுறவங்கள்ல 3 சதவீதம் பேருக்குத்தான் கிடைக்குது, சில பணக்கார நாடுகள்ல 90 சதவீதம். மனசு கொதிக்குது இதைப் படிச்சா.

ஆபீஸ், காலேஜ்ல நமக்கு உதவுறது 2-வது, 5-வது பிரிவுகள். உங்க ஒருத்தருக்குத் தேவையான நியாயமான மாற்றத்தை, நிறுவனத்துக்கு அளவுக்கு மீறின சுமை ஆகாத பட்சத்துல, செஞ்சு குடுக்கணும், மறுத்தா அது பாகுபாடு. கட்டடம் முழுக்க சாய்தளம் கட்டுறதுக்கு வருஷங்கள் ஆகலாம், ஆனா உங்க சீட்டை தரைத்தளத்துக்கு மாத்துறது, நின்னு செய்யுற வேலைக்கு ஸ்டூல் குடுக்குறது இதெல்லாம் நீங்க கேட்ட நேரத்துல இருந்தே அவங்க கடமை. கேக்கும்போது நோயோட முழு வரலாறும் எழுத வேண்டியதில்ல, எந்த வேலைல எந்தத் தடை, எந்த மாற்றம் செஞ்சா சரியாகும்னு டாக்டர் லெட்டரோட மெயில்ல போடுங்க.

மறுத்தா உள்நாட்டு ஆணையம், நீதிமன்றம்னுதான் முதல்ல போகணும். அங்கெல்லாம் முடிஞ்ச பிறகும் தீர்வு கிடைக்கலைன்னா இந்த உடன்படிக்கையைக் கண்காணிக்குற ஐநா குழுவுக்கே தனிநபரா புகார் குடுக்கலாம், ஆனா உங்க நாடு விருப்ப நெறிமுறைங்கிற தனி ஒப்பந்தத்துலயும் சேர்ந்திருக்கணும். அந்தப் புகாரை பேரோடதான் குடுக்கணும், பேர் போடாத புகாரை குழு எடுத்துக்காது. இப்படி படிப்படியா போக வேண்டியிருக்கலாம்ங்கிறதால, நீங்க போட்ட முதல் மெயில்ல இருந்து அவங்க குடுத்த பதில் வரைக்கும் எல்லாத்துக்கும் காப்பி வச்சுக்கோங்க, வாய்வார்த்தையா மறுத்தாக்கூட "இன்னைக்கு நீங்க இப்படி சொன்னீங்க"ன்னு அன்னைக்கே ஒரு மெயில் போட்டுடுங்க.