படத்துக்குப் பொருள் சொல்ல அவசரப்படாதீர்கள்

"கிணறு முழுக்கக் கறுப்பா பூசியிருக்கான் மேடம், மனச்சோர்வுதானே?" மனக்காயம் பட்ட பிள்ளைகளோடு ஓவியம் வழியே வேலை செய்யும் எனக்கு, பாலக்காட்டுப் பக்கம் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்திலிருந்து இப்படிக் கேட்டு ஒரு பிள்ளையின் படம் வாட்ஸ்அப்பில் வராத வாரமில்லை. ஓரத்தில் பிள்ளையின் பெயர், வகுப்பு எல்லாம் தெரியும். தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

கறுப்பென்றால் சோகம், சிவப்பென்றால் கோபம், சிலந்தி என்றால் பயம் என்று ஒரு பட்டியல் கிடையவே கிடையாது. யூடியூபில் யார் சொன்னாலும் கிடையாது. பெட்டியில் கறுப்பு கிரேயான் மட்டும் உடையாமல் மிஞ்சியிருக்கலாம். சிற்பி லூயிஸ் பூர்ஷ்வா 1999இல் 9 மீட்டருக்கு மேல் உயரமான சிலந்தி ஒன்றைச் செய்து அதற்கு 'அம்மா' என்றே பெயர் வைத்தார். அவர் தாய் பழைய சித்திரத் திரைச்சீலைகளைச் செப்பனிட்டவர். மகளுக்குச் சிலந்தி, பொறுமையாக இழை போட்டுக் காக்கிறவள். நம் ஊரில் ஒரு பிள்ளைக்குக் கிணறு அம்மா குதிக்கப் போன இடம். இன்னொரு பிள்ளைக்கு அப்பா குடித்துவிட்டு வரும் ராத்திரி பாட்டியோடு ஒதுங்கும் மேடை. வரைந்தவர் சொல்லாமல் நமக்கு எப்படித் தெரியும்? வீடு, மரம், மனிதர் வரையச் சொல்லும் உளவியல் சோதனை 1948 முதல் இருக்கிறது. அதிலும் ஒற்றை அடையாளத்தை வைத்து முடிவு கட்டக்கூடாது என்பது எங்களுக்குப் பாலபாடம்.

"அப்பா அடிச்சத வரை" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். "உங்க வீடு ஒரு மரம்னா என்ன மரம்?" என்று கேட்டால் போதும், சொல்ல முடியாததை அந்த மரத்தின்மேல் ஏற்றிவைக்கலாம். தாளின் நான்கு ஓரத்திலும் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கொடுங்கள், எல்லை இருந்தால் கை துணியும். முதல் சில அமர்வுகளில் பென்சிலும் கிரேயானும் மட்டும். வாட்டர் கலரை முதலிலேயே நீட்டுவதுதான் பெரிய தவறு. நீர் கூடினால் நிறம் ஓடும், கலங்கி ஒரே பழுப்பாகும், கைக்கு அடங்காது. வீட்டில் எதுவுமே தன் கையில் இல்லாத பிள்ளைக்கு அதே திகில் தாளிலும் வரும். பிறகு போஸ்டர் கலர், நீர் குறைவாக, கெட்டியாக. 45 நிமிடத்தில் கடைசி 10 நிமிடம் பிரஷ் கழுவவும் படத்தைக் கோப்பில் வைக்கவும்தான். அப்படியே வகுப்புக்குத் துரத்தாதீர்கள்.

"ஏன் இப்படி?" வேண்டாம். "இதப் பத்திச் சொல்றியா கண்ணு?" போதும். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். மூச்சு வாங்கினாலோ கண் ஒரே இடத்தில் குத்திட்டு நின்றாலோ படத்தை மூடுங்கள். பாதத்தைத் தரையில் ஊன்றச் சொல்லி, முகம் கழுவத் தண்ணீர் கொடுங்கள். பெரியவர்கள் தனியாக வரைந்தாலும் இதேதான்.

டீச்சர்களே, இந்தப் படங்களை ஆண்டுவிழாக் கண்காட்சியில் மாட்டாதீர்கள். கிழித்துப் போட நினைத்தால் பிள்ளையே கிழிக்கட்டும். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் சீண்டல் என்று தெரியவந்தால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குடும்ப மானம் என்று உட்கார்ந்திருக்க உங்களுக்கு உரிமையில்லை. எங்கே தொடங்குவது என்று குழம்பினால் உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள்.