‘அதை அரசே எடுத்துக்கொண்டதாமே, இனி என்ன பயம்?’ என்று கேட்பவர்களுக்கு

இந்த ஆண்டில் இது நான்காவது அழைப்பு. பேசுபவர் மாறுகிறார், ஊர் மாறுகிறது, கேள்வி மட்டும் மாறுவதில்லை. “சார், மேற்குக் கொலராடோவில் 35 ஏக்கர் மலிவாக வருகிறது. பக்கத்து நிலம் அரசாங்கத்துடையது. அங்கே யாரும் வீடு கட்ட முடியாது, கடைசிவரை அமைதியாக இருக்கும் என்கிறார்கள். ஏதோ பழைய யுரேனியக் கழிவு இருந்ததாம். அதை எப்போதோ அரசு எடுத்துக்கொண்டதாம். வாங்கலாம்தானே?”

நிலம் கைமாறுவதற்கு முன்பு அதன் மண்ணையும் நீரையும் பழைய ஆவணங்களையும் ஆராய்ந்து அறிக்கை கொடுப்பது என் தொழில். கொலராடோ, யூட்டா, வயோமிங், நியூ மெக்சிகோ ஆகிய நான்கு மாநிலங்களில்தான் பெரும்பாலும் சுற்றுகிறேன். பழைய யுரேனிய ஆலைகள் அதிகம் இருந்ததும் இங்கேதான். ‘அரசு எடுத்துக்கொண்டது’ என்று நம் ஆட்கள் சொல்லும்போது என்ன நினைத்துச் சொல்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். லாரி வந்தது, அள்ளிக்கொண்டு போனது, இடம் சுத்தமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

தயவுசெய்து இதை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். அரசு எடுத்துக்கொண்டது நிலத்தை. அந்த நிலத்தில் கழிவு இருப்பதால்தான் எடுத்துக்கொண்டது. கழிவு அங்கிருந்து போய்விட்டால் நிலத்தை அரசு வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. ஆகவே, நீங்கள் வாங்கப்போகும் மனைக்குப் பக்கத்து நிலம் ‘நீண்டகாலப் பராமரிப்புக்காக அமெரிக்க எரிசக்தித் துறைக்கு மாற்றப்பட்டது’ என்று ஆவணத்தில் இருந்தால், அதற்கு ஒரே பொருள்தான்: கழிவு அங்கேயே இருக்கிறது, இனியும் அங்கேயே இருக்கும், அதைக் காவல் காக்க ஓர் ஆள் நியமிக்கப்பட்டிருக்கிறார். காவலாளி வந்துவிட்டதால் காக்கப்படும் பொருள் மறைந்துவிடாது. இதை நான்கு பேருக்கும் நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். “ஆனால் அரசு எடுத்துக்கொண்டதே சார்” என்றுதான் நால்வரும் திரும்பச் சொன்னார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

யுரேனியத்தைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சுவது பொடியாக அரைத்த மணல். யுரேனியம் போய்விட்டதே என்று நினைக்க வேண்டாம். தாதுவில் இருந்த கதிரியக்கத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு அந்த மணலில்தான் தங்குகிறது. அதில் உள்ள தோரியம்-230 என்ற கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறையவே சுமார் 75,000 ஆண்டுகள் ஆகும். அதிலிருந்து ரேடியம், ரேடியத்திலிருந்து ரேடான் வாயு என்று சங்கிலி நீள்கிறது.

பார்ப்பதற்கு அது ஆற்று மணல் போலவே இருக்கும். அதுதான் வினையாகிப்போனது. கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன் ஊரில் 1966 வரை ஆலை வாசலில் குவிந்து கிடந்த மணலை யார் வேண்டுமானாலும் இலவசமாக அள்ளிச் சென்றார்கள். வீட்டு அஸ்திவாரத்துக்கு அடியில் கொட்டினார்கள், கான்கிரீட்டில் கலந்தார்கள், கழிவுநீர்க் குழாய் பதித்த பள்ளத்தை நிரப்பினார்கள், தோட்டத்தில் தூவினார்கள். பிற்பாடு அந்த ஊரிலும் சுற்றுப்புறத்திலும் 4,000-க்கும் மேற்பட்ட இடங்களைத் தோண்டிச் சுத்தப்படுத்த வேண்டியிருந்தது. இன்றும் சாலை போடத் தோண்டினால் அங்கங்கே அந்த மணல் தட்டுப்படுகிறது. அதைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகவே ஊருக்கு வெளியே உள்ள கழிவு மேட்டின் ஒரு பகுதியை மூடாமல் வைத்திருக்கிறார்கள்.

1978 நவம்பரில்தான் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அதற்கு முன்பே கைவிடப்பட்ட ஆலைகளை எரிசக்தித் துறையே சீர்செய்ய வேண்டும். உரிமத்தோடு இயங்கிய ஆலைகளை அந்தந்த நிறுவனமே மூடி, மண்ணடுக்கும் கல்லடுக்கும் போட்டு, அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம் ஒப்புக்கொண்ட பிறகு, நிலத்தையும் கழிவையும் சேர்த்து ஒப்படைக்க வேண்டும். மாநில அரசு விரும்பினால் அது ஏற்கலாம். விரும்பாவிட்டால் எரிசக்தித் துறை ஏற்றே ஆக வேண்டும். 2003 முதல் இந்த வேலைக்காக அத்துறைக்குள் லெகஸி மேனேஜ்மென்ட் என்று தனி அலுவலகமே இருக்கிறது.

நிலத்தை ஏன் நிறுவனத்திடமே விட்டுவைக்கவில்லை? ஏனென்றால் நிறுவனம் நிலைக்காது. யூட்டாவின் மோவாப் ஊரில், கொலராடோ ஆற்றங்கரையிலேயே 1.6 கோடி டன் கழிவைக் குவித்து வைத்திருந்த நிறுவனம் 1998-இல் திவாலானது. ஆறு அதற்காகக் காத்திருக்குமா? கடைசியில் எரிசக்தித் துறைதான் 2009 முதல் ரயில் ரயிலாக அந்தக் கழிவை ஏற்றி, 30 மைல் தள்ளி கிரெசென்ட் ஜங்ஷனில் உள்ள மேட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. அந்த மேடு அமைந்த நிலம் முன்பு, மத்திய அரசின் பொது நிலங்களைக் கவனிக்கும் நில மேலாண்மைப் பணியகத்தின் கையில் இருந்த பொது நிலம். நான் சொல்லவந்த நில மாற்றம் இதுதான்.

‘பொது நிலம்’ என்றதும் நம் மனதில் புறம்போக்கு என்ற சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. யாருக்கும் சொந்தமில்லாத நிலம், ஆடு மாடு மேயலாம், கல் மண் எடுக்கலாம். அமெரிக்காவின் மேற்கில் பொது நிலம் ஒருவகையில் அதைவிடவும் திறந்து கிடக்கிறது. 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. திறந்த பொது நிலத்தில் கனிமம் கண்டவர் எல்லைக் கம்பம் நட்டு, பதிவுசெய்து, உரிமை கோரலாம். கழிவு மேடும் அதைச் சுற்றிய நிலமும் அந்தப் பட்டியலிலேயே தொடர்ந்தால், யுரேனியம் விலை ஏறும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் துளைக்கருவியோடு வந்து நிற்பார். சட்டப்படியே நிற்பார். அதனால்தான் முதலில் அந்த நிலத்தைச் சுரங்கச் சட்டத்திலிருந்தும் குத்தகைச் சட்டங்களிலிருந்தும் விலக்கி, பிறகு அதன் பொறுப்பை எரிசக்தித் துறைக்கு நிரந்தரமாக மாற்றுகிறார்கள். சும்மா கிடந்த நிலத்தை அணுக்கழிவு கொட்ட அரசு பறிக்கிறது என்று எழுதுகிறவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள்.

“மேடு நூறு ஏக்கர்தானே, சுற்றிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் எதற்கு?” என்றும் கேட்கிறார்கள். நிலத்தடி நீருக்காக. ஆலை ஓடிய காலத்தில் குட்டைகளில் தேங்கிய திரவம் கீழே இறங்கி, நீரோட்டத்தோடு வேலியைத் தாண்டிப் போயிருக்கும். அது போன வழியில் யாரும் கிணறு தோண்டக் கூடாது. அதற்கான எல்லைதான் அந்த ஏக்கர் கணக்கு. எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இதிலுள்ள தலைவலி தெரியும்: 1916-ஆம் ஆண்டுச் சட்டப்படி குடியேறிகளுக்குக் கொடுத்த நிலங்களில் மேற்பரப்பு ஒருவருக்கு, அடியில் உள்ள கனிமம் அரசுக்கு. மேலே, கீழே, பழைய சுரங்க உரிமை, மேய்ச்சல் அனுமதி என்று ஒவ்வொன்றையும் தேடிச் சேர்த்த பிறகுதான் மாற்றம் முடியும். ஆண்டுகள் ஆகும். அதுவரை வரைபடத்தில் அந்த நிலம் சாதாரணப் பொது நிலமாகவே தெரியும். வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். பழங்குடி நிலங்களில் முறையே வேறு. நவஹோ நிலத்தில் உள்ள ஷிப்ராக், டூபா சிட்டி போன்ற இடங்களில் நிலம் அம்மக்களுக்கானதாகவே இருக்கிறது, பராமரிப்பு மட்டும்தான் எரிசக்தித் துறையுடையது.

கழிவை உண்மையிலேயே அள்ளிச் சென்ற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். வயோமிங்கின் ரிவர்ட்டனில் 1989-க்குள் கழிவை முழுவதும் அகற்றிவிட்டார்கள். நிலத்தடி நீர் இயற்கையாகவே தெளிய நூறு ஆண்டுகள் என்று கணக்கிட்டார்கள். 2010-இல் ஆற்றில் வெள்ளம் வந்தது. மண்ணில் ஒட்டியிருந்தது கரைந்து இறங்கி, கிணறுகளில் யுரேனியத்தின் அளவு திடீரென்று ஏறியது. அள்ளிப்போன இடத்திலேயே இந்த நிலை என்றால், அள்ளாமல் மூடிவைத்த இடத்தைப் பற்றி நான் வேறு என்ன சொல்ல?

போன மாதம் நான்காவது அழைப்பாளரோடு நேரிலேயே போனேன். கணவன், மனைவி, ஏழு வயதுப் பெண் குழந்தை. மனை நன்றாகத்தான் இருந்தது. தென்கிழக்கு மூலையில் மாட்டுக்குத் தண்ணீர் இறைத்த பழைய காற்றாலைக் கிணறு. அதிலிருந்து கால் மணி நேரம் நடந்தால் வேலி. வேலியில் மஞ்சள் பலகை, அதில் கதிரியக்கக் குறி, குறியின் நடுவில் மூன்று துப்பாக்கிக் குண்டுத் துளைகள். வேலிக்கு அந்தப் பக்கம் கருங்கற்களால் போர்த்திய நீண்ட தட்டையான மேடு. ஒரு செடி இல்லை. வாயிலருகே ஒரு கிரானைட் கல்வெட்டு: ஊர்ப் பெயர், மூடிய தேதி, எத்தனை டன், எத்தனை கியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) ரேடியம்.

“இதுவா சார்? நான் ஏதோ தொழிற்சாலை போல இருக்கும் என்று நினைத்தேன். யாருமே இல்லையே” என்றார் அவர். வேலியில் ஒரு கம்பி தொய்ந்திருந்தது. திரும்பி வந்து காரின் பின்கதவைத் திறந்தபோது உள்ளே பாத்திரம் அளவில் நான்கு கருங்கற்கள் இருந்தன. முதல் முறை தரகரோடு வந்தபோது தோட்டத்துக்கு அழகாக இருக்கும் என்று எடுத்தார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. குழந்தை இருந்ததால் குரலை அடக்கிக்கொண்டேன். அந்தக் கல்லில் கதிரியக்கம் இல்லை, கருவியை வைத்தே காட்டினேன். தப்பு அதில் இல்லை. அது மேட்டின் கூரை ஓடு. அதன் அடியில் களிமண் அடுக்கு, அதன் அடியில் மணல். 1,000 ஆண்டுகள் தாங்க வேண்டும், எப்படிப் போனாலும் 200 ஆண்டுகளாவது தாங்க வேண்டும் என்று கணக்கிட்டு, மழையும் காற்றும் அரிக்காத அளவில் பொறுக்கி அடுக்கிய கல். ஆளுக்கு நான்கு கல் எடுத்தால் அந்த இடத்தில் மழைநீர் முதலில் ஒரு கோடு கிழிக்கும், பிறகு வாய்க்கால் வெட்டும். மேட்டின் மீது வண்டி ஓட்டுவதும் அதே கெடுதலைத்தான் செய்யும். “தம்பி, நாளைக்கே இதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். வேலி தாண்டி நீங்களே கொண்டுபோய் வைக்கக் கூடாது. பலகையில் உள்ள எண்ணில் கூப்பிட்டுச் சொல்லுங்கள்” என்றேன். அவர் மனைவிதான் உடனே எண்ணைக் குறித்துக்கொண்டார்.

இனி, வாங்குபவர்கள் செய்ய வேண்டியவை.

நில உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி, வில்லங்கம் இல்லை என்று சொன்னால் அது பத்திரத்தைப் பற்றிய பேச்சு. மண்ணைப் பற்றியும் நீரைப் பற்றியும் அவர்கள் எதுவும் சொல்லவில்லை. வழக்கமான காப்பீட்டில் சுற்றுச்சூழல் பாதிப்பு சேராது. நம் ஊரில் தாய்ப்பத்திரம் வரை தேடிப் பார்ப்பவர்கள் இங்கே வந்து ஒரு பக்கச் சான்றிதழோடு திருப்தி அடைவது எனக்குப் புரியவே இல்லை.

பத்திரத்தில் டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன் என்று நிலம் இருக்கும் இடத்தைக் குறிக்கும் மூன்று எண்கள் இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள செக்‌ஷன்கள் யார் கையில் இருக்கின்றன என்று நில மேலாண்மைப் பணியகத்தின் பதிவில் பாருங்கள். எரிசக்தித் துறையின் பெயர் வந்தால், அல்லது அந்தத் துறைக்காக விலக்கிவைக்கும் விண்ணப்பம் நிலுவையில் இருந்தால், அங்கேயே நில்லுங்கள். லெகஸி மேனேஜ்மென்ட் ஒவ்வோர் இடத்துக்கும் கண்காணிப்புத் திட்டத்தையும் ஆண்டு ஆய்வு அறிக்கையையும் இணையத்தில் போட்டிருக்கிறது. நிலத்தடி நீர் எந்தத் திசையில் போகிறது என்ற படம் அதில் இருக்கும். உங்கள் மனை அந்த அம்புக்குறிக்கு எந்தப் பக்கம் என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

கொலராடோவில் 35 ஏக்கரும் அதற்கு மேலும் உள்ள மனைகள் மனைப்பிரிவுச் சட்டத்துக்குள் வருவதில்லை. ஆகவே, தண்ணீர் நல்லதா என்று உங்களுக்காக முன்கூட்டியே கேட்க அங்கே எவரும் இல்லை. குடிநீரில் யுரேனியம் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்ற விதி நகராட்சிக் குழாய்க்குத்தான். சொந்தக் கிணற்றை எவரும் வந்து சோதிக்க மாட்டார்கள், நீங்கள்தான் சோதிக்க வேண்டும். யுரேனியம், செலினியம், ஆர்செனிக், மாலிப்டினம், நைட்ரேட், சல்பேட் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘பொதுச் சோதனை’ என்று கேட்டால் கிருமி மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். காய்ச்சிக் குடிப்போம் என்று சொல்லாதீர்கள் அம்மா. காய்ச்சினால் யுரேனியம் போகாது, நீர் வற்றி அடர்த்திதான் கூடும்.

பழைய வீடாக இருந்தால் ரேடான் சோதனை கட்டாயம். கழிவு மேட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வேண்டும் என்பதே இல்லை. கொலராடோவில் ஏறக்குறையப் பாதி வீடுகளில் ரேடான், நடவடிக்கை எடுக்க வேண்டிய அளவைத் தாண்டியிருக்கிறது.

வேலி அறுந்திருந்தாலோ, பலகை விழுந்திருந்தாலோ, மேட்டில் செடி முளைத்திருந்தாலோ, விலங்கு தோண்டிய வளை தெரிந்தாலோ கூப்பிட்டுச் சொல்லுங்கள். வழக்கமான ஆய்வு ஆண்டுக்கு ஒரு முறைதான். நிறுவனங்கள் ஒப்படைக்கும்போது கட்டும் பராமரிப்புத் தொகையே, 1978-ஆம் ஆண்டு மதிப்பில் 2,50,000 டாலர் என்ற குறைந்தபட்ச அளவிலிருந்துதான் தொடங்குகிறது. பணவீக்கம் போக ஆண்டுக்கு ஒரு விழுக்காடு உண்மை வட்டி என்று வைத்து, அந்த வட்டியிலேயே காலம் முழுவதும் கண்காணிப்பை நடத்த வேண்டும் என்பது கணக்கு. மீதி 364 நாள் அந்த மேட்டைப் பார்க்கப்போகிறவர்கள் அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள்தான்.

அந்தக் குடும்பத்தின் கற்கள் திரும்பிப் போய்விட்டன. காற்றாலைக் கிணற்றிலிருந்து நானே இரண்டு பாட்டில் நீர் எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். அறிக்கை வர இன்னும் பத்து நாள் ஆகும். அதுவரை ஒரு டாலர்கூட முன்பணம் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். தரகர் தினமும் கூப்பிடுகிறாராம்.