அறுபது வயது கிட்டாருக்கு எதற்கு அந்த விலை?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில், அந்தக் காலத்துக் கல்யாணங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார் ஒன்று பரணிலிருந்து இறங்கினால் இரண்டு கேள்விகள் உடனே எழும். என்ன விலை போகும்? பழசானால் சத்தம் நன்றாக இருக்குமாமே? இரண்டும் ஒரே கேள்வி என்று நம்பும் இடத்தில்தான் காசு போகிறது.

பால்மரத்தை வயதுக்காக யாரும் வைத்திருப்பதில்லை. இருபத்தைந்து, முப்பது ஆண்டில் பால் குறைந்தால் வெட்டி மறுநடவு செய்துவிடுவார்கள். கிட்டாரிலும் ‘பால்’ எங்கே ஊறுகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

அது ஊறுவது கம்பிகளுக்கு அடியில் பதித்த பிக்கப்பில். ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் (சுருக்கமாக ஸ்ட்ராட்) வகை பிக்கப்பில் ஆறு அல்நிக்கோ (அலுமினியம், நிக்கல், கோபால்ட் கலந்த இரும்பு) காந்தத் தண்டுகள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தலைமுடி அளவே கனமுள்ள 42 கேஜ் செம்புக் கம்பி ஏறத்தாழ 8,000 சுற்று ஓடும். மேலே எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைந்து, சுருளில் சிறு மின்னழுத்தம் பிறக்கிறது. சுருளின் தூண்டல் திறன் (மின்னோட்டம் மாறுவதை அது எதிர்க்கும் அளவு) சுமார் 2.4 ஹென்றி. கிட்டாரிலிருந்து ஆம்புக்கு (ஒலியைப் பெருக்கும் பெட்டி) போகும் கேபிளுக்கு மீட்டருக்கு ஏறத்தாழ 100 பைக்கோஃபாரட் மின்தேக்கம் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்து ஓர் ஒத்ததிர்வை உண்டாக்குகின்றன. அந்த அதிர்வெண்ணுக்கு அருகில் ஒலி எடுப்பாகக் கேட்கும், அதற்கு மேலே வேகமாக மங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 3 மீட்டர் கேபிள், சுருளின் சொந்தத் தேக்கம் 100 பைக்கோஃபாரட், ஆகமொத்தம் 400. ஒத்ததிர்வு சுமார் 5.1 கிலோஹெர்ட்ஸ். அதே கிட்டாரில் 6 மீட்டர் கேபிளைச் செருகினால் மொத்தத் தேக்கம் 700, ஒத்ததிர்வு 3.9 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ‘பழைய கிட்டாரின் இதமான சத்தம்’ என்று புகழப்படுவதில் ஒரு பங்கு, நீளமான கேபிள் செய்யும் வேலைதான்.

காலம் எதுவுமே செய்யாது என்றில்லை. ஆனால் அல்நிக்கோ காந்தம் சும்மா இருந்து வலுவிழப்பது மிகக் குறைவு. பக்கத்தில் பெரிய ஸ்பீக்கர் காந்தம் இருந்தாலோ, கீழே விழுந்து அடிபட்டாலோதான் கெடும். பழைய பிக்கப்புகள் ஒன்றுக்கொன்று வேறுபடக் காரணம் வேறு. 1950களில் சுற்றின் எண்ணிக்கையில் கறாரான கட்டுப்பாடு இல்லை, கம்பியை வழிநடத்தியதும் மனிதக் கை. அதனால் அருமையானதும் அமைந்தது, சுமாரானதும் அமைந்தது. நல்லவை பத்திரமாகப் பிழைத்தன, சுமாரானவை பேச்சில் வருவதில்லை. ஒலியின் கூர்மையைக் குறைக்கும் டோன் குமிழிலுள்ள பழைய காகித மின்தேக்கிக்கும் தனி விலை கேட்கிறார்கள். குமிழ் முழுதாகத் திறந்து 10இல் இருக்கும்போது 250 கிலோ ஓம் தடைக்குப் பின்னால் நிற்கும் அந்தத் தேக்கியின் ரகம் காதுக்கு எட்டவே எட்டாது.

வயலினில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2010இல் இண்டியானாபோலிஸில் 21 வாசிப்பாளர்களுக்கு, எது எதுவென்று தெரியாதபடி, மூன்று பழைய இத்தாலிய வயலின்களும் மூன்று புதியவையும் தரப்பட்டன. பெரும்பாலோர் புதியதையே விரும்பினார்கள். மிகக் குறைவாக விரும்பப்பட்டது, புகழ்பெற்ற இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்த ஒன்று. மரப்பெட்டியே ஒலியெழுப்பும் வாத்தியத்தின் கதியே இது என்றால், கட்டைமேல் காந்தம் வைத்த வாத்தியத்தில் வயது எவ்வளவு செய்துவிடும்?

அப்படியானால் பணம் எதற்குப் போகிறது? அரிதுக்கும் கதைக்கும். 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை 249.50 டாலர். ஃபெண்டர் நிறுவனம் 1965 ஜனவரியில் அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமான சிபிஎஸ்ஸிடம் 1.3 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அதற்கு முன் செய்தவைதான் அசல் என்ற கோடு அங்கே விழுந்தது. இன்னொரு அமெரிக்க நிறுவனமான கிப்சனின் சன்பர்ஸ்ட் லெஸ் பால் மாடல் 1958 முதல் 1960 வரைதான் வந்தது. அப்போது சரியாக விற்காததால் வடிவத்தையே மாற்றினார்கள். 1960களின் நடுவில் எரிக் கிளாப்டன் போன்ற கிட்டார் கலைஞர்கள் அதைக் கையிலெடுத்த பிறகுதான் தேட்டம் பிறந்தது. எனக்கு மிகப் பிடித்த உதாரணம் பிங்க் ஃபிளாய்ட் குழுவின் கிட்டார் கலைஞர் டேவிட் கில்மோரின் கறுப்பு ஸ்ட்ராட். கழுத்தும் பிக்கப்பும் பலமுறை மாற்றப்பட்ட அந்தக் கிட்டார் 2019 ஏலத்தில் 39.75 லட்சம் டாலருக்குப் போனது. அங்கே விலை போனது மரமல்ல, வாசித்த கை.

பிரபலத்தின் கை படாத கிட்டாருக்கு இருக்கும் ஒரே ஆதாரம், எல்லாம் அசலாக இருப்பது. அதை நாமே ஓரளவு சோதிக்கலாம். குமிழ்களுக்குக் கீழே உள்ள ‘பாட்’ எனும் மாறுதடையின் முதுகில் எண் இருக்கும். 1376412 என்றால் 137 சிடிஎஸ் நிறுவனம், 64 ஆண்டு, 12 வாரம். 1962 மாடல் என்று சொல்லி விற்றால், ஒன்று பாட் மாற்றப்பட்டிருக்கிறது அல்லது சொல்வது பொய். பெயிண்ட் மறுபடி அடித்திருந்தால் விலை பொதுவாகப் பாதியாகும்.

பிக்கப்பை அளக்க, கேபிளைச் செருகி வால்யூமை முழுதாகத் திறந்து, மறுமுனை பிளக்கின் நுனிக்கும் உடலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். 6 கிலோ ஓம் பக்கம் வந்தால் ஸ்ட்ராட் வகைக்குச் சரி. 250 கிலோ ஓம் காட்டினால் நீங்கள் அளப்பது வெறும் மாறுதடையை, சுருள் அறுந்திருக்கிறது. ஆண்டு முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டிய நம் ஈரத்தில் களிம்பு ஏறி அந்த மெல்லிய கம்பி அறுவது சகஜம். இன்னொன்று: செம்பின் தடை ஒரு பாகைக்கு 0.39 விழுக்காடு கூடும். குளிர்நாட்டில் 20 பாகையில் 6.0 காட்டிய சுருள் இங்கே மதியம் 32 பாகையில் 6.3 காட்டும். அதைப் பார்த்து ‘இது அதிகச் சுற்று உள்ளது’ என்று யாராவது கூடுதலாக நூறு வெள்ளி கேட்டால் சிரித்துவிட்டு நகரலாம்.

நம் பக்கம் பரணிலிருந்து இறங்குவது பெரும்பாலும் அமெரிக்கக் கிட்டார் அல்ல, டெய்ஸ்கோ, குயாடோன் போன்ற ஜப்பானியவை. அவற்றில் பிக்கப்பைவிடக் கழுத்தே தொல்லை. மிகத் தடித்த ஆறாவது கம்பியை முதல் ஃபிரெட்டிலும் (கழுத்தில் குறுக்காகப் பதித்த உலோகப் பட்டை) கடைசி ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு ஏழாவது ஃபிரெட்டில் இடைவெளி பாருங்கள். 0.2 அல்லது 0.3 மில்லிமீட்டர் நல்லது. ஒரு மில்லிமீட்டரைத் தாண்டி, கழுத்தின் வளைவைச் சரிசெய்ய உள்ளே உள்ள ட்ரஸ் ராடும் துருப்பிடித்துத் திரும்பவில்லை என்றால், சுவரில் மாட்டத்தான் ஆகும். ஃபிரெட் உயரம் 0.6 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்றும் கூலியையும் விலையில் கழித்துப் பேசுங்கள்.

வாங்கிய பின் ஒரு எச்சரிக்கை. பழைய நைட்ரோசெல்லுலோஸ் பூச்சுக்கு ரப்பர் ஆகாது. ஸ்டாண்டின் ரப்பர் பட்டை தொட்ட இடத்தில் பூச்சு இளகி ஒட்டிக்கொள்ளும், அசல் பூச்சு போய்விடும். ஸ்டாண்டுக்குப் பருத்தித் துணியைச் சுற்றி வையுங்கள்.