பி.ஜி. டாக்டர் எழுதும் மாத்திரை எந்த ஊர் வரை போகும்?

எம்.டி. பொது மருத்துவம் படிக்க எங்கள் பிரிவில் சேரும் பி.ஜி.க்களிடம், அதாவது முதுநிலை மாணவர்களிடம், முதல் மாதமே சில கேள்விகள் கேட்பேன். நீங்கள் இன்று வார்டில் எழுதிய மாத்திரை இந்த மருத்துவமனைக்கு எங்கிருந்து வந்தது? யார் வாங்கினார்கள்? நோயாளி வீட்டுக்குப் போன பிறகு அதே மாத்திரையை அவருக்கு யார் தருவார்கள்? நீட் பி.ஜி.யில் நல்ல ரேங்க் வாங்கி வந்த பிள்ளைகள். மாத்திரை ரத்தத்தில் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இந்தக் கேள்விகளுக்கு மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் மேல் தவறில்லை. ஐந்தரை வருட எம்.பி.பி.எஸ். படிப்பில் இதை யாரும் அவர்களுக்குக் கோவையாகச் சொல்லித் தரவில்லை.

தமிழ்நாட்டின் அரசு மருத்துவத் துறை ஒரே கட்டடம் போல வெளியில் தெரியும். உள்ளே முக்கியமாக மூன்று இயக்ககங்கள். துணை சுகாதார நிலையமும் ஆரம்ப சுகாதார நிலையமும் பொது சுகாதார இயக்ககத்தின் கீழ். தாலுகா மருத்துவமனையும் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழ். எங்களைப் போன்ற மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ். நோயாளிக்கு இந்த எல்லைகள் எதுவும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஒரு எல்லையிலிருந்து இன்னொன்றுக்கு அவர் போகும்போது கையில் இருப்பது எங்கள் பி.ஜி. எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரி ஒன்றுதான்.

சில காலம் முன்பு கால் புண்ணோடும் ஏறிப்போன சர்க்கரையோடும் ஒரு அம்மா வார்டில் சேர்ந்திருந்தார். கூலி வேலை, மலையடிவாரக் கிராமம். புண் ஆறி, சர்க்கரை கட்டுக்குள் வந்து வீட்டுக்குப் போனார். சம்மரியில் மூன்று மருந்து ஒன்றாகச் சேர்ந்த காம்பினேஷன் மாத்திரை, பிராண்ட் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது. மருத்துவக் கணக்கில் தவறு சொல்ல முடியாத மாத்திரை. ஒரு அட்டை வெளியில் வாங்கினார், தீர்ந்ததும் நிறுத்திவிட்டார். மாவட்டப் பயிற்சிக்குப் போயிருந்த எங்கள் பி.ஜி. ஒருவர், மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரோடு வீடு வீடாகப் போனபோது அதே அம்மாவின் வீட்டுத் திண்ணையில் உட்கார நேர்ந்தது. தன்னார்வலரின் பையில் மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை தாராளமாக இருந்தது. "சார், உங்க ஆஸ்பத்திரிச் சீட்டுல இருக்குற மாத்திரை எங்ககிட்ட இல்லீங்க. பெரிய டாக்டர் எழுதுனத நாங்க எப்படிங்க மாத்திக் குடுக்கறது?" என்று தன்னார்வலர் கேட்டார். மாதாமாதம் அந்த வாசல் வழியாகவே மாத்திரைப் பை போய்க்கொண்டிருந்திருக்கிறது. உள்ளே ஒருவர் சர்க்கரை மாத்திரை இல்லாமல் இருந்திருக்கிறார்.

அன்று மாலையே அந்த பி.ஜி. எனக்குப் போன் செய்தார். அவர் குரலில் இருந்த பதற்றத்தை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன். பத்து வகுப்பெடுத்தாலும் அது வராது.

2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது நன்றாக நடக்க வேண்டுமென்றால் மேலே மருத்துவக் கல்லூரியில் மாத்திரை எழுதுபவருக்குக் கீழே என்ன இருப்பில் இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள நான் பி.ஜி.க்களை அனுப்ப விரும்பும் இடம் மாவட்ட மருந்துக் கிடங்கு. 1994-ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்தான் டெண்டர் விட்டு மாநிலத்துக்கே மொத்தமாக மருந்து வாங்குகிறது. வந்த மருந்தின் மாதிரி ஆய்வகத்துக்குப் போய்த் தேறிய பிறகுதான் கிடங்கிலிருந்து வெளியேறும். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கணக்கு. ஆண்டுக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒதுக்கீடு. எடுக்கும் மருந்தின் விலை அதில் கழியும். இன்டென்ட், அதாவது மருந்துத் தேவைப் பட்டியல், போடுபவர் பார்ப்பது போன வருடம் எது எவ்வளவு செலவானது என்பதை. பட்டியலில் உள்ள மருந்தை டாக்டர்கள் எழுதவில்லை என்றால் அது அலமாரியிலேயே காலாவதியாகும், அடுத்த முறை குறைவாக வரும். வார்டில் இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எழுதும் சீட்டு அடுத்த ஆண்டின் கொள்முதலைத் தொடுகிறது என்பது பல பி.ஜி.க்களுக்குப் புதுச் செய்தி. கிடங்கில் அரை நாள் நின்றால் போதும், புரிந்துவிடும்.

காசநோயில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். 2022 முதல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோய் உறுதியானதும் கீழ்மட்டத்திலேயே எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு எல்லாம் பார்க்கிறார்கள். பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். மோசமாக இருப்பவரை உடனே அட்மிஷனுக்கு அனுப்புகிறார்கள். இங்கே வார்டில் இருக்கும் முதலாண்டு பி.ஜி. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா, இதற்கு எதற்கு அனுப்பினார்கள்?" என்று நினைத்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. எலும்பும் தோலுமாக, சுவரைப் பிடித்து நிற்கும் ஒருவரை எக்ஸ்ரே மட்டும் பார்த்துத் திருப்பி அனுப்பக் கூடாது. அனுப்பிய சுகாதாரப் பணியாளர் எதை அளந்து அனுப்பினார் என்று தெரிந்தால்தான் அந்த ரெஃபரல் சீட்டுக்கு மரியாதை வரும். இதே நோயாளியின் வங்கிக் கணக்கு நிக்‌ஷய் என்ற காசநோய் இணையப் பதிவில் சரியாக ஏறாவிட்டால், சத்துணவுக்காக மாதம் தர வேண்டிய 1000 ரூபாயும் வந்து சேராது. "அது கிளார்க் வேலை சார்" என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவேன். சிகிச்சையில் சோறும் ஒரு பகுதி.

காப்பீட்டுத் திட்ட விவகாரம் தனிக் கட்டுரைக்கு உரியது. ப்ரீ-ஆத், அதாவது சிகிச்சைக்கு முன் காப்பீட்டில் கேட்கும் அனுமதி, எதற்கு நிராகரிக்கப்படுகிறது என்பதை பி.ஜி. ஒரு முறையாவது காப்பீட்டுக் கவுன்ட்டரில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பதோடு இங்கே நிறுத்துகிறேன்.

இதற்கெல்லாம் வழி ஏற்கெனவே இருக்கிறது. 2020-ல் அறிவிக்கப்பட்டு, 2021-ல் சேர்ந்தவர்களிலிருந்து, எம்.டி., எம்.எஸ். படிக்கும் எல்லோரும் மூன்று மாதம் மாவட்ட மருத்துவ அமைப்பில் பணியாற்ற வேண்டும். டி.ஆர்.பி. (டிஸ்ட்ரிக்ட் ரெசிடென்சி புரோகிராம்) என்பார்கள். நோக்கம் அருமையானது. நடப்பதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கல்லூரித் துறைகள் அதை "டியூட்டிக்கு ஆள் குறைகிற மூன்று மாதம்" என்று பார்க்கின்றன. மாவட்ட மருத்துவமனையோ கேஷுவால்டிக்கு ஒரு கூடுதல் கை கிடைத்ததாக நினைக்கிறது. பி.ஜி. அங்கும் நைட் டியூட்டி பார்த்து, லாக் புக்கில் கையெழுத்து வாங்கித் திரும்புகிறார். ஊர் மாறியதே தவிர பார்த்தது அதே வார்டுதான்.

அமெரிக்காவில் ரெசிடென்ட் (நம் பி.ஜி. போன்றவர்) பயிற்சிக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு, மருத்துவ அமைப்பைப் புரிந்து பணியாற்றுவதை 1999-லேயே ஆறு அடிப்படைத் திறன்களில் ஒன்றாக வைத்துவிட்டது. நமக்கு அவ்வளவு தூரம் பார்க்கவும் தேவையில்லை. மாவட்ட ஆட்சியர் உட்கார்ந்து நடத்தும் மகப்பேறு மரணத் தணிக்கை தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. இறந்த பெண்ணின் குடும்பத்தார், கிராம சுகாதார செவிலியர், சிகிச்சை அளித்த டாக்டர்கள் எல்லோரும் வருவார்கள். எந்த மணிக்கு வலி வந்தது, எப்போது 108 வந்தது, முதலில் போன இடத்தில் எவ்வளவு நேரம் போனது, ரத்தம் எங்கே இருந்தது என்று நேரம் நேரமாகப் போகும். மகப்பேறு பி.ஜி. ஒருவர் அதில் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்டால் போதும். தன் லேபர் வார்டுக்கு வருவதற்கு முன்பான ஆறு மணி நேரம் அவருக்குக் கண்ணில் தெரியும். அனுமதி வாங்கிக் கொடுப்பதுதான் ஆசிரியர்களான எங்கள் வேலை. கிராம சுகாதார செவிலியரோடு ஒரு வாரம், மருந்துக் கிடங்கில் ஒரு நாள், இப்படி ஒரு தணிக்கைக் கூட்டம் என்று துறைத் தலைவர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுப்பலாம். திரும்பி வந்ததும் துறைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் அவர்களைப் பேசவிடலாம்.

எங்கள் யூனிட்டில் இப்போது டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரி கூடியிருக்கிறது: நோயாளிக்குப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தின் பெயர், அங்கே எந்த மருந்தைத் தொடரலாம் என்ற குறிப்பு. பிராண்ட் பெயர் கிடையாது. எழுத இரண்டு நிமிடம் ஆகிறது.

இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று. உங்கள் வீட்டில் யாராவது அரசு மருத்துவமனையிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகும்போது, சீட்டு எழுதும் இளம் டாக்டரிடம், "தம்பி, இந்த மாத்திரை எங்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துல கிடைக்குமா?" என்று கேளுங்கள். தெரியாது என்றால் விசாரித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஃபார்மசிக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.