'நிஜ விலைவாசி 15 சதவீதம்' என்று சொல்லி வருகிறவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள்

போன மாதம் என் அலுவலகத்துக்கு வந்தவர், குன்னூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் 31 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் மஞ்சள் பை. உள்ளே 6 லட்சம் ரூபாய்க்கு ஒரு ரசீது. கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் சேர்த்து வங்கியில் போட்டு வைத்திருந்ததை உடைத்து, மாதம் 3 சதவீதம் வட்டி என்று சொன்ன ஒரு நிறுவனத்தில் கட்டியிருக்கிறார். ஐந்து மாதம் 18,000 ரூபாய் ஒழுங்காக வந்தது. ஆறாவது மாதம் யாரும் போனை எடுக்கவில்லை.

இந்த ஒரு வருடத்தில் இதே கதையோடு என்னிடம் வந்த நான்காவது ஆள் இவர். இந்த மலையில் 20 வருடத்துக்கு மேலாக வரி, தணிக்கை வேலை பார்க்கிறேன். ஏமாற்றுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். ஆனால் அவர்கள் இப்போது பேச்சைத் தொடங்கும் விதம் புதிது. "கவர்ன்மென்ட் சொல்ற பணவீக்கம் எல்லாம் பொய் சார். நிஜத்துல 15 பெர்சென்ட். பேங்க்ல போட்டா உங்க பணம் கரைஞ்சுகிட்டே போகுது." நான்கு பேரிடமும் ஏறக்குறைய இதையேதான் சொல்லியிருக்கிறார்கள். தங்கள் மனதில் இருந்ததையே இன்னொருவர் சொல்கிறாரே என்று நான்கு பேரும் நம்பிவிட்டார்கள்.

மனதில் இருந்த அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். மாதாமாதம் தேசியப் புள்ளியியல் அலுவலகம் வெளியிடும் பணவீக்க எண் நாடு முழுமைக்குமான சராசரி. 2012-ஐ அடிப்படை ஆண்டாக வைத்த தொடர் பத்து வருடத்துக்கு மேல் ஓடியது. எந்தச் செலவுக்கு எவ்வளவு பங்கு என்ற அதன் பங்கீடு 2011-12-இல் மக்கள் செய்த செலவை வைத்துப் போட்டது. உணவு, பானங்களுக்கு 45.86 சதவீதம், மருத்துவத்துக்கு 5.89 சதவீதம். வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு மாத்திரைக்கே போகிற வயதான தம்பதிக்கு இது எப்படிப் பொருந்தும்? கிராமப்புறத்துக்கு அந்தத் தொடரில் வீட்டு வாடகை என்ற பகுதியே கிடையாது. ஊராட்சி எல்லைக்குள் வாடகை வீட்டில் இருக்கும் எஸ்டேட் குடும்பத்தின் பெரிய செலவு கணக்கிலேயே வரவில்லை. இந்தக் குறைகளைச் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் "டெல்லியில் உட்கார்ந்து வாய்க்கு வந்த எண்ணை எழுதுகிறார்கள்" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். மத்திய அரசின் தொழிலாளர் பணியகம் தொழிலாளர்களுக்கென்று தனியாக ஒரு விலைக் குறியீடு வெளியிடுகிறது, மத்திய அரசு ஊழியர்களின் பஞ்சப்படிக்கு அடிப்படை அதுதான். 2016-ஐ அடிப்படையாக வைத்த அந்தத் தொடரில் விலை சேகரிக்க நாடு முழுக்க 88 மையங்கள். அதில் ஒன்று நம் குன்னூர். நீங்கள் சாமான் வாங்குகிற கடைத்தெருவின் விலைதான் அதில் சேர்கிறது.

அடுத்தது, பலமுறை சொல்லியும் தீராத ஒரு குழப்பம். 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று செய்தி வந்தது. "விலை இறங்கிடுச்சாம், எந்தக் கடையில?" என்று அன்றைக்கே பல பேர் என்னிடம் கேட்டார்கள். விலை இறங்கியது என்று யாரும் சொல்லவில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் பஸ் பர்லியார் தாண்டி வளைவில் வேகம் குறைத்தால், அது கீழே இறங்குகிறது என்று அர்த்தமா? மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். கணக்காகவே பாருங்கள். 2024 அக்டோபரில் பணவீக்கம் 6.21 சதவீதம். 2023 அக்டோபரில் 100 ரூபாய்க்கு வாங்கிய சாமான், 2024 அக்டோபரில் 106 ரூபாய் 21 காசு. 2025 அக்டோபரில் 106 ரூபாய் 48 காசு. முந்தைய வருடம் ஏறிய 6 ரூபாய் அப்படியே நிற்கிறது. உங்கள் பர்ஸ் உணர்வது அந்த 6 ரூபாயை. செய்தியில் வருவது அதற்கு மேல் ஏறிய 27 காசை. இரண்டுமே உண்மை.

சரி, அந்த 15 சதவீதத்துக்கு வருவோம். ஓய்வு பெற்ற அந்த அண்ணன் கணக்கு நோட்டு எழுதுகிறவர். மறுநாள் அதைக் கொண்டுவரச் சொன்னேன். 2015-இல் கணவன் மனைவி இருவருக்கும் மாதச் செலவு 9,000 ரூபாய். 2025-இல் 17,500. வருடத்துக்கு 15 சதவீதம் ஏறியிருந்தால் 36,000-ஐத் தாண்டியிருக்க வேண்டும். அவர் வீட்டில் ஏறியது வருடத்துக்கு 7 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. அதே பத்தாண்டில் அரசுக் கணக்கின் சராசரி 5 சதவீதத்தை ஒட்டி இருந்தது. ஆக, அவர் வீட்டு விலைவாசி அரசு எண்ணைவிட அதிகம்தான், காரணம் மருந்தும் வாடகையும். ஆனால் அந்த ஏஜென்ட் சொன்னதில் பாதிகூட இல்லை. நோட்டைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். "இதை முன்னாடியே போட்டுப் பார்த்திருக்கலாம் சார்" என்றார். எனக்குப் பதில் சொல்ல வரவில்லை.

அதனால் கேட்டுக்கொள்கிறேன், கணக்கு நோட்டுப் போடுங்கள். அரிசி பருப்பு, காய்கறி, கேஸ், மருந்து, வாடகை, பஸ், பள்ளிக்கூடம் என்று தனித்தனியாக. விலையோடு எடையையும் எழுதுங்கள், பாக்கெட் சிறுத்துப் போவது அப்போதுதான் தெரியும். புது போன், கல்யாண மொய் இதையெல்லாம் தனிப் பக்கத்தில் வையுங்கள், அது விலைவாசி இல்லை. போன வருடத்தின் அதே மாதத்தோடு ஒப்பிடுங்கள். ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை போடுகிறவர்கள் வரவையும் எழுத வேண்டும். பல வீடுகளில் பிரச்சினை செலவு ஏறியதில் பாதி, இலை விலை ஏறாததில் பாதி.

பணத்தை எங்கே போடுவது? 60 வயது தாண்டியவர்களுக்கு அஞ்சலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போடலாம். வங்கி வைப்புக்கு ஒரு ஆளுக்கு ஒரு வங்கியில் வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரை காப்பீடு உண்டு. கூட்டுறவு வங்கிக்கும் உண்டு, தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்துக்கு இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள் இங்கே அதிகம்.

மாதம் 3 சதவீதம் என்றால் வருடத்துக்கு 36. அந்தப் பணம் எந்த வியாபாரத்திலிருந்து வருகிறது என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரைத் தேடச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சொந்தக்காரர் சொன்னார், சர்ச்சில் பழக்கம், ஒரே ஊர் என்பதெல்லாம் பதிவுச் சான்றிதழ் ஆகாது.

ஏற்கெனவே கட்டிவிட்டவர்கள் "அடுத்த மாதம் தருகிறேன்" என்பதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 1997-ஆம் ஆண்டின் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் தமிழ்நாட்டில் இருக்கிறது. ரசீது, வங்கிக் கணக்குப் பக்கம், வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். வெட்கப்பட்டு வீட்டில் மறைக்க வேண்டாம். அந்த அண்ணன் ஆறு வாரம் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அந்த ஆறு வாரமும் அதே ஏஜென்ட் பக்கத்து லைன் வீடுகளில் பணம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.